பூஜ்யம் எழுதிய ஊர்கள்

செப்டம்பர் 15, திங்கள்

அலுவலகம் போனதும் மேசையில் ஓர் ஆணை கிடந்தது. ‘அரசு ஊழியர்களிடையே பரிசோதனைத் திறன் வளர்த்தல்’ என்று இரண்டு நாள் பயிற்சியாம். ஒன்றியத்துக்கு ஒருவர் வர வேண்டுமாம். எங்கள் ஒன்றியத்தில் அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம். மரம் நட, உறுதிமொழி வாசிக்க, மழை நாளில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார, எல்லாவற்றுக்கும் துணை வட்டார வளர்ச்சி அலுவலர் திலகராணிதான், அதாவது நான்தான்.

"சார், போன மாசம்தான் ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்தேன்" என்று வட்டார வளர்ச்சி அலுவலர் சந்தானகிருஷ்ணன் சாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்கதான் மேடம் நல்லா நோட்ஸ் எடுப்பீங்க" என்றார். இவர் பாராட்டினால் தலையில் ஏதோ விழப்போகிறது என்று அர்த்தம்.

மிக்ஸி ஜார் கசிகிறது. இன்றும் இட்லிக்குப் பொடிதான்.

செப்டம்பர் 18, வியாழன்

பயிற்சி முடிந்தது. நடத்திய பெண் பெயர் நிரஞ்சனா, முப்பது வயதுகூட இருக்காது. முதல் கேள்வியாக, "உங்க அனுபவத்துல சரியா வராமப் போன ஒரு திட்டத்தைச் சொல்லுங்க" என்று கேட்டாள். கூடத்தில் நாற்பது பேர் இருந்தோம். ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லோருடைய சர்வீஸையும் கூட்டினால் ஆயிரம் வருஷம் தேறும். அந்த ஆயிரம் வருஷத்தில் ஒரு திட்டம்கூடத் தோற்கவில்லை. அப்புறம் ஏன் ஊர் இப்படி இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்கவில்லை, நல்ல வளர்ப்பு.

நானும் கை தூக்கவில்லை. தோள்பட்டை வலி.

அவள் சொன்னது இவ்வளவுதான். புதிதாக ஒரு யோசனை வந்தால் அதை எல்லா ஊரிலும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். சீட்டுக் குலுக்கிப் பாதி ஊரில் புது முறை, மீதிப் பாதியில் பழைய முறை. கடைசியில் இரண்டையும் எண்ணிப் பாருங்கள். எது நன்றாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல இரண்டு நாள், நான்கு முறை பிஸ்கட்.

செப்டம்பர் 22, திங்கள்

நோட்ஸ் எடுத்ததற்குத் தண்டனை வந்துவிட்டது. ஒவ்வொரு ஒன்றியமும் ஒரு பரிசோதனை செய்து காட்ட வேண்டுமாம். "நம்ம ஒன்றியம் பேரு வரணும் மேடம்" என்கிறார் சார்.

மழைக்காலம் வருகிறது, டெங்கு வரும். கொசுப்புழுவையே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இப்போது நடப்பது என்ன? பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில், டிரம்மில் மருந்தை ஊற்றிவிட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் மறுநாளே, மருந்து வாடை அடிக்கிறது என்று அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். டிரம்மைத் தேய்க்க மாட்டார்கள். முட்டை ஒட்டிக்கொண்டிருப்பது உள்சுவரில். கொசு சாக்கடையிலிருந்து வருகிறது என்றுதான் இன்னமும் எல்லோரும் நம்புகிறார்கள்.

புது முறை இப்படி: அவர்கள் வீட்டு டிரம்மிலிருந்தே புழுவை மொண்டு ஒரு பாட்டிலில் விட்டு, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, அந்த வீட்டு ஜன்னலிலேயே வைத்துவிட்டு வருவது. சில நாளில் புழு கொசுவாகிப் பாட்டிலுக்குள் பறக்கும். யார் வீட்டுக் கொசு என்று அப்போது தெரியும். பிறகு வாரம் ஒரு நாள் டிரம்மைத் தேய்க்கச் சொல்வது.

சாருக்குப் பிடித்துவிட்டது. அவர் மேசையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணி பிளான்ட் வளர்க்கிறார். அதற்கு வாஸ்துப்படி வடகிழக்கு மூலை. தினமும் காலையில் நான்தான் அதற்குத் தண்ணீர் நிரப்புகிறேன். அலுவலக உதவியாளர் பணியிடம் காலியாகி ஒரு வருஷம் ஆகிறது, அதற்கும் நான்தான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பன்னிரண்டு ஊராட்சிச் செயலர்களையும் அழைத்து, ஊர்ப் பெயர்களைச் சுருட்டி எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கினேன். "முதல் பரிசு எந்த ஊருக்கு மேடம்?" என்று வடுகனூர் செயலர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறு ஊர் புது முறை, ஆறு ஊர் பழைய முறை. பழைய முறைக்காரர்களைத் தனியாக நிறுத்திச் சொன்னேன். "நீங்க கூடுதலா ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்பவும் போல மருந்து ஊத்துங்க. ஆனா புழு இருக்கிற வீட்டை மட்டும் நிஜமா எண்ணி எழுதணும்." தலையை ஆட்டினார்கள்.

ஒத்தப்புளி பாண்டிமீனா மட்டும் கலையும்போது கிட்டே வந்தாள். பன்னிரண்டு வருஷமாக ஊராட்சிச் செயலர். நவம்பரில் இளநிலை உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியல் வரும், அவள் பெயர் அதில் இருக்கிறது.

"மேடம், என் ஊரைப் புது முறையில சேர்த்துக்கலாமா? பொம்பளைங்க நல்லா கேப்பாங்க."

"முடியாது. சீட்டுல என்ன வந்துச்சோ அதுதான்" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தால் அது பரிசோதனை இல்லை.

"சரி மேடம். பட்டியல் வர்ற வரைக்கும் ஒரு கெட்ட பேரும் வரக் கூடாதுன்னு பாக்குறேன், அதான் கேட்டேன்."

"எண்ணிக்கைக்கு எப்படிம்மா கெட்ட பேரு வரும்?" என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜையை ஒரு நாள் முன்னதாகவே அலுவலகத்தில் கொண்டாடினோம். ஒட்டடை அடித்து, கம்ப்யூட்டர், ஜீப், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மணி பிளான்ட் பாட்டிலுக்கும் ஒரு பொட்டு. பொரிகடலை இன்னும் பையில் இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் நல்லாம்பட்டி வந்தது, சும்மா இறங்கிப் பார்த்தேன். புது முறை ஊர். ஒரு வீட்டில் பாட்டிலைச் சுற்றி நான்கு பெண்கள். உள்ளே கொசு பறக்கிறது.

"இத்தன நாளா நானே வளத்து நானே கடி வாங்கிருக்கேன் பாருங்க" என்று அந்த வீட்டுப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். கையில் தேங்காய் நார், டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போய்ச் சேர்வதற்குள் கல்யாணச் சாப்பாடு முடிந்துவிட்டது. வீட்டுக்காரர், "நல்லாம்பட்டி நம்ம வழியிலயே இல்லையே திலகா" என்றார். ஆசிரியராக இருந்தவருக்கு எதையும் திருத்தாமல் இருக்க முடியாது.

அக்டோபர் 13, திங்கள்

எண்ணிக்கை வந்துவிட்டது. புது முறை ஊர்கள் ஆறிலும் நூறு வீட்டுக்கு எட்டு, பத்து வீட்டில் புழு. ஜன்னலில் பாட்டில் நிற்கும்போது இல்லை என்று எழுத வழியில்லை.

பழைய முறை ஊர்கள் ஐந்தில் பூஜ்யம். ஒரு வீட்டில்கூடப் புழு இல்லையாம். ஒத்தப்புளியில் மட்டும் நூற்றுக்கு முப்பத்தொன்று.

பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாரிடம் போய், "இந்த அஞ்சு ஊரும் எண்ணவே இல்லை சார். எப்பவும் எழுதுற பூஜ்யத்தையே எழுதியிருக்காங்க" என்றேன்.

"விடுங்க மேடம். நாளைக்குக் கூட்டம், டேபிள் அழகா இருக்கணும்" என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆய்வுக் கூட்டம். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். அட்டவணையில் பூஜ்யத்துக்குப் பச்சை, மற்றதற்கு மஞ்சள், ஒத்தப்புளிக்குச் சிவப்பு. வண்ணம் அடிக்கச் சொன்னவர் சார். அடித்தது கம்ப்யூட்டர்.

அதிகாரி பார்த்தார். "ஆக, புது முறையில புழு இருக்கு. பழைய முறையில அஞ்சு ஊர்ல ஜீரோ. பரிசோதனை தெளிவாச் சொல்லுது, பழைய முறைதான் சிறந்தது" என்றார். சார் கைதட்டினார். ஐந்து செயலர்களும் கைதட்டினார்கள். அவர்கள் முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை.

அப்புறம் சிவப்பு. "யாருங்க இந்த ஒத்தப்புளி?" பாண்டிமீனா எழுந்து நின்றாள். "மத்தவங்கெல்லாம் ஜீரோ கொண்டு வரும்போது உங்க ஊர்ல மட்டும் எப்படிங்க முப்பத்தொண்ணு? என்ன வேலை பாக்குறீங்க? இவங்களுக்கு மெமோ குடுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குக் காலையிலிருந்தே தொண்டை கட்டியிருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது, "காலையில உன் தம்பிகிட்ட அரை மணி நேரம் போன்ல கத்துனியே, அப்ப நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர். மிளகுக் கஷாயம் குடித்தேன்.

அக்டோபர் 15, புதன்

மெமோவுக்கு வரைவு தயாரிப்பதும் என் வேலை. ‘கொசுப்புழு ஒழிப்புப் பணியில் மெத்தனமாக இருந்தமைக்காக ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்று ஆரம்பிக்க வேண்டும். பழைய கோப்பில் வாசகம் தயாராக இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரைக்கும் பெயரை மாற்றவில்லை. பிரிண்டரில் மை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மெமோ நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். விதி அப்படி. எடுத்தால் அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 17, வெள்ளி

பாண்டிமீனா வந்தாள். அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை.

"கூடுதலா ஒண்ணும் செய்யாதன்னு சொன்னீங்க மேடம், செய்யல. நிஜமா எண்ணச் சொன்னீங்க, எண்ணுனேன். வீடு வீடா நானே கூடப் போனேன். பக்கத்து ஊர் அண்ணன் ஆபீஸ்ல உக்காந்து ஜீரோ போட்டாரு, அவருக்குக் கைதட்டுறாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஜீரோதான் எழுதணும்னா அதை வாய்விட்டுச் சொல்லிருங்க. இனிமே எழுதிர்றேன். எனக்கென்ன, எண்ணுற வேலை மிச்சம்."

நான் மை இல்லாத பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டாள். கோபம் அந்த அதிகாரி மேலா, சார் மேலா, ஐந்து பேர் மேலா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வரிசையில் இன்னொரு பெயரும் வந்தது, அதை எழுதப் போவதில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் உதிர்ந்துவிட்டது.

அக்டோபர் 23, வியாழன்

கரண்டி, வெள்ளைக் கிண்ணம், ஐந்து காலிப் பாட்டில். ஸ்கூட்டியில் பூஜ்யம் எழுதிய ஊர்களுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் வடுகனூர். முதல் வீட்டு டிரம்மில் கரண்டியை விட்டேன். கிண்ணத்தில் புழுக்கள் நெளிந்தன. வெளிச் சுவரில் சாக்பீஸில் அழகாகத் தேதி இருந்தது. இரண்டாவது வீட்டிலும் புழு. மூன்றாவது வீட்டில் இல்லை. நான்காவது வீட்டில் கேட்கவே வேண்டாம், கறிவேப்பிலை போட்ட ரசம் மாதிரி இருந்தது தொட்டி.

செயலர் ஓடி வந்தார். "மேடம், ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"சொல்லிட்டு வந்தா புழு ஓடிருமா?"

"கோவப்படாதீங்க மேடம். பத்து வருஷத்துக்கு முன்னாடி நானும் நிஜத்தை எழுதுனவன்தான். மெமோ வாங்குனேன். ஒரு இன்கிரிமென்ட் போச்சு. அதுக்கப்புறம் எங்க ஊர்ல புழுவே கிடையாது."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். மற்ற நான்கு ஊரிலும் இதே கதை. ஐந்து பாட்டிலும் நிரம்பிவிட்டன.

அக்டோபர் 24, வெள்ளி

பாட்டில்களைச் சாரிடம் காட்டினேன். "இதை எதுக்கு மேடம் கிளறுறீங்க? மேல போயி ஜீரோ பொய்னு சொன்னா நம்ம எல்லார் தலையும் உருளும். அந்தப் பொண்ணுக்கு மெமோ குடுத்து, ஆறு மாசம் கழிச்சு நாமளே டிராப் பண்ணிரலாம். திங்கக்கிழமை வரைவு வந்துரணும்."

"அதுக்குள்ள பட்டியல் போயிரும் சார்."

"அடுத்த பட்டியல் வரும்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. குனிந்தேன். எதிரே மணி பிளான்ட் பாட்டில். குங்குமப் பொட்டுக்குக் கீழே, வேர்களுக்கு நடுவில் என்னவோ ஆடியது. வேர் அப்படி ஆடாது.

ஆயுத பூஜைக்கு வெளியே துடைத்தோம். உள்ளே தண்ணீரை யாரும் மாற்றவில்லை. குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பியது நான்தான், தினமும், தவறாமல்.

கைக்குட்டையை எடுத்தேன். பாட்டிலின் வாயில், தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"புது முறை சார். திங்கக்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

அக்டோபர் 27, திங்கள்

ஒன்பதே முக்காலுக்கே சார் வந்துவிட்டார். நான் போனபோது பாட்டிலுக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இலைகளுக்கு அடியில், கண்ணாடிக்கு உள்பக்கம் மூன்று கொசுக்கள். காலில் டெங்குக் கொசுவின் வெள்ளை வரி தெளிவாகத் தெரிந்தது.

"மேடம், தீபாவளி அன்னிக்கு நான் காய்ச்சல்ல படுத்தேனே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வரைவுகளை எடுத்து முன்னால் வைத்தேன். ஒன்று ஒத்தப்புளி ஊராட்சிச் செயலர் பாண்டிமீனாவுக்கு. இன்னொன்று, வட்டார வளர்ச்சி அலுவலர் அறையில் கொசுப்புழு கண்டறியப்பட்டது குறித்து மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. இரண்டிலும் ஒரே வாசகம்: பணியில் மெத்தனம்.

"உங்க மேலயே நீங்க ரிப்போர்ட் எழுதியிருக்கீங்களா?"

"தண்ணி ஊத்துனது நான், அறை உங்களது. ரெண்டு பேர் பேரையும் போட்டிருக்கேன். புழு இருந்தா மெமோன்னா எல்லாருக்கும் மெமோ சார். ஒண்ணுல கையெழுத்துப் போட்டா இன்னொண்ணுலயும் போடணும். நீங்க போடலைன்னா ரெண்டாவதை நானே அனுப்புவேன்."

இன்று தொண்டை கட்டவில்லை.

"உங்க சர்வீஸ் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"அன்னிக்குக் கூட்டத்துல யோசிச்சேன் சார். அதனாலதான் அந்தப் பொண்ணு தனியா நின்னுச்சு."

அவர் பாட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு பாண்டிமீனாவின் வரைவை எடுத்து, ஓரத்தில், ‘வாய்மொழி விளக்கம் பெறப்பட்டது. மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நியாயத்துக்காகப் போட்டாரா, பாட்டிலுக்குப் பயந்து போட்டாரா என்று நான் கேட்கவில்லை. மாவட்டத்தில் கேட்டால் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். என் அறிக்கை என்னிடமே இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

பட்டியல் வந்தது. பாண்டிமீனா பெயர் இருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்கே போட்டிருக்கிறார்கள்.

சார் மேசையில் இப்போது பிளாஸ்டிக் மணி பிளான்ட், அதே வடகிழக்கு மூலையில்.

நவம்பர் 18, செவ்வாய்

வடுகனூர் செயலர் போன் செய்தார். "மேடம், ஒத்தப்புளிப் பொண்ணுக்கு மெமோ வரலையாமே. அப்ப நாங்களும் நிஜத்தை எழுதலாமா?"

"எழுதுங்க."

"எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுத்தேன். ‘புழு எண்ணிக்கையை உள்ளபடி எழுதியதற்காக எவர் மீதும் நடவடிக்கை எடுக்கப்பட மாட்டாது. பொறுப்பு என்னுடையது’ என்று என் கையெழுத்திலேயே சுற்றறிக்கை. பன்னிரண்டு ஊருக்கும் பாட்டில் முறையைச் சொல்லிவிட்டேன். பழைய முறைதான் சிறந்தது என்று மாவட்டத்திலிருந்து வந்த ஆணையும் அதே கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

புது மிக்ஸி வாங்கியாயிற்று.

டிசம்பர் 8, திங்கள்

எனக்கு மெமோ வந்துவிட்டது, பெரிய அதிகாரியின் கையெழுத்தோடு. அக்டோபரில் ஐந்து ஊராட்சிகளில் பூஜ்யமாக இருந்த கொசுப்புழு, நவம்பரில் நூற்றுக்கு இருபத்தாறாக உயர்ந்ததன் காரணம் என்ன? கண்காணிப்பு அலுவலர் என்ற முறையில் ஏன் என்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது? பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

படித்து முடித்ததும் சிரிப்புதான் முதலில் வந்தது. பின்னாலேயே கோபம். பூஜ்யத்துக்கு எப்படி வந்தாய் என்று இவ்வளவு வருஷத்தில் ஒரு மெமோ வந்ததுண்டா?

சார் வந்து எட்டிப் பார்த்தார். "நல்லா வளைச்சு எழுதுங்க மேடம். மழை அதிகம்னு போடுங்க, ஆள் பற்றாக்குறைன்னு போடுங்க. நான் பரிந்துரை பண்றேன்." நல்ல மனசோடுதான் சொன்னார்.

பாண்டிமீனா எதிர் மேசையில் தபால் எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள், அன்று கூட்டத்தில் பார்த்தது போலவே.

பதினைந்து நாள் எனக்குத் தேவைப்படவில்லை. வெள்ளைத் தாளை எடுத்து விளக்கம் எழுதினேன்.

‘முன்பு எண்ணவில்லை. இப்போது எண்ணினோம்.’

கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவள் ஒரு முறை படித்தாள். உறையில் போட்டு, பசை தடவி, தபால் எண் எழுதினாள்.

"மேடம், இதைப் பதிவுத் தபால்ல போடட்டுமா, சாதாத் தபால்லயா?"

"பதிவுத் தபால்லயே போடும்மா. வரலைன்னு சொல்லிரக் கூடாது" என்றேன்.